கலைந்த எழுத்தில் சொல் கண்டுபிடிப்பது எப்படி நடக்கிறது?

ர, ம், ந, க. இந்த நான்கு எழுத்துகளையும் வைத்து ஒரு சொல் சொல்லுங்கள் என்று யாரிடம் கேட்டாலும் சில விநாடிகளில் பதில் வந்துவிடும். கணக்குப்படி இவற்றை 24 விதமாக அடுக்கலாம். ஆனால் பதில் சொன்னவர் 24 வரிசைகளையும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். அவர் மனசுக்குள் நடந்ததைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில் ம். புள்ளி வைத்த எழுத்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. நடுவில் வந்தால் அதற்கு அடுத்ததாகப் பெரும்பாலும் ம வரிசையோ ப வரிசையோ இருக்க வேண்டும். கையில் அவை இல்லை. ஆகவே ம் கடைசியில்தான். இந்த ஒரு முடிவிலேயே 24 ஆறாகிவிட்டது. அடுத்து ர. பழைய இலக்கணப்படி ர சொல்லுக்கு முதலாக வராது. இன்று ரயில், ரகம் என்று வருகிறது என்றாலும், முதலில் தேட வேண்டிய இடம் அது இல்லை. இப்போது மிச்சம் நான்கு: நகரம், நரகம், கநரம், கரநம். ந என்ற எழுத்து சொல்லின் நடுவே வருவது அபூர்வம் என்பதால் கடைசி இரண்டும் போய்விடும். நிற்பவை நகரம், நரகம். இரண்டுமே சொற்கள். (இரண்டுக்கும் ஒரே எழுத்துகள் என்பதை வைத்துச் செய்யக்கூடிய எல்லா நகைச்சுவையும் செய்தாகிவிட்டது, விட்டுவிடலாம்.)

எழுத்துகளைக் கலைத்துச் சொல் தேடும் விளையாட்டுகளில் நடப்பது இதுதான். பார்ப்பவருக்கு அடுக்கும் வேலை போலத் தெரியும். உண்மையில் அது கழிக்கும் வேலை. நன்றாக ஆடுகிறவர் நிறைய வரிசைகளை வேகமாக யோசிக்கிறவர் அல்ல. யோசிக்கவே தேவையில்லாதவற்றை முதலிலேயே தூக்கிப் போடுகிறவர். கணினி நிரல்களும் அப்படித்தான், வழி மட்டும் வேறு.

ஏழு எழுத்தின் கணக்கு

இந்த வகை விளையாட்டுகளில் உலகம் முழுக்கத் தெரிந்தது ஸ்கிராபிள். எழுத்து பொறித்த சின்னச் சதுரக் கட்டைகளை, அதாவது டைல்களை, பலகையில் குறுக்கும் நெடுக்குமாகச் சொற்களாக வைக்கும் ஆட்டம் அது. ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930களின் பொருளாதார மந்த காலத்தில் இதை உருவாக்கினார். எந்த எழுத்துக்கு எத்தனை டைல் இருக்க வேண்டும் என்பதை அவர் ஊகத்தில் வைக்கவில்லை. செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். அதனால்தான் ஆங்கிலப் பெட்டியில் இருக்கும் 100 டைல்களில் ஈ மட்டும் 12, க்யூவும் இசட்டும் ஆளுக்கு ஒன்று, அந்த ஒன்றுக்கு 10 புள்ளி. 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் உரிமையை வாங்கி இப்போதுள்ள பெயரைச் சூட்டினார். 15க்கு 15 கட்டம், கையில் 7 டைல், ஏழையும் ஒரே தடவையில் வைத்துவிட்டால் கூடுதலாக 50 புள்ளி. 2009இல் வந்த வேர்ட்ஸ் வித் ஃபிரெண்ட்ஸ் என்ற கைபேசி விளையாட்டு 104 டைல்களும் 35 புள்ளி பரிசும் என்று மாற்றிக்கொண்டது. ஆனால் அடிப்படை ஒன்றேதான்.

ஏழு டைலும் வேறு வேறு எழுத்து என்று வைத்துக்கொள்வோம். ஏழையும் பயன்படுத்தி 5,040 வரிசைகள் அமைக்கலாம். ஆறு எழுத்து வரிசைகளும் அதே 5,040. ஐந்து எழுத்தில் 2,520, நான்கில் 840, மூன்றில் 210, இரண்டில் 42. கூட்டினால் 13,692. இதில் சொல்லாக நிற்பவை கொஞ்சம்தான். மீதி எல்லாம் வாயில் நுழையாத எழுத்துக் குவியல்.

இங்கேதான் பழைய தந்திரம் ஒன்று உதவிக்கு வருகிறது. எழுத்துகளை இன்னும் கலைப்பதற்குப் பதிலாக, அகரவரிசையில் அடுக்கிவிடுவது. லிசன், சைலண்ட் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் அகரவரிசைப்படி மாற்றி எழுதினால் இரண்டுக்கும் ஒரே விடைதான் வரும்: ஈ, ஐ, எல், என், எஸ், டீ. அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் இப்படி அடுக்கி, அந்த அடுக்கையே அதன் அடையாளமாக வைத்துப் பட்டியல் போட்டுவிட்டால், ஒரே அடையாளம் உள்ள சொற்கள் தாமாக ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். அப்புறம் கையிலிருக்கும் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி, அந்த இடத்தைப் போய்ப் பார்த்தால் போதும்.

இதனால் எவ்வளவு வேலை மிச்சம்? வரிசை முக்கியமில்லை என்றாகிவிட்டதால், ஏழு எழுத்திலிருந்து எந்தெந்த எழுத்துகளை எடுக்கிறோம் என்பது மட்டுமே கணக்கு. இரண்டும் அதற்கு மேலும் எடுக்கும் வழிகள் மொத்தம் 120. பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் முயற்சி 120 தேடலாகச் சுருங்கிவிட்டது. பலகையில் ஏற்கெனவே கிடக்கும் ஓர் எழுத்தோடு சேர்த்து ஆட வேண்டுமென்றால் அந்த எழுத்து கட்டாயம். அப்போது 127 தேடல். எழுத்தே இல்லாத வெற்று டைல் ஒன்று கையில் வந்தால் அது ஆங்கிலத்தில் 26 எழுத்தில் எதுவாகவும் இருக்கலாம், ஆகவே அதிகபட்சம் 26 மடங்கு. இரண்டு வெற்று டைல் வந்தால் 351 ஜோடிகள், நாற்பத்திரண்டாயிரம் தேடல்கள். கணினிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மனிதருக்கு? இரண்டு வெற்று டைலோடு திணறாத ஆட்டக்காரர் அபூர்வம். கையில் இருப்பது பெரிய அதிர்ஷ்டம், எங்கே தொடங்குவது என்பதுதான் தெரியாது.

அகரவரிசை அடுக்கு கணினிக்கு மட்டுமான வித்தை இல்லை. போட்டிகளில் ஆடுகிறவர்கள் படிப்பதே இப்படித்தான். கேள்வியாக அகரவரிசையில் ஏழு எழுத்து, பதிலாக அவற்றிலிருந்து வரும் எல்லாச் சொற்களும். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டீ என்று பார்த்ததுமே ரெட்டினாஸ், ரிட்டெய்ன்ஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர் என்று கொட்டுவார்கள். அவர்கள் அந்த இடத்தில் எதையும் கலைத்துப் பார்க்கவில்லை. முகம் பார்த்ததும் பெயர் நினைவுக்கு வருவது போல அடுக்கைப் பார்த்ததும் சொல் வருகிறது. அதனால் டைல்களைக் கையில் எடுத்ததும் அகரவரிசையில் அடுக்கி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு.

இதற்கு நைஜல் ரிச்சர்ட்ஸை விடப் பெரிய சாட்சி இல்லை. நியூசிலாந்துக்காரர், ஆங்கில ஸ்கிராபிளில் ஐந்து முறை உலகச் சாம்பியன். 2015இல் பிரெஞ்சு மொழி உலகப் போட்டியில் கலந்துகொண்டு வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சில வாரங்கள் உட்கார்ந்து பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தார், அவ்வளவுதான். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். சொல்வளம் இருந்தால் இந்த விளையாட்டில் ஜெயிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலான செய்தி. பொருள் தெரிவதற்கும் எழுத்துக் கூட்டத்தில் சொல்லைக் காண்பதற்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதை விட மெலிதானது.

மனப்பாடம் இல்லாதவர் என்ன செய்யலாம்?

இருபதாயிரம் அடுக்குகளை மனப்பாடம் செய்ய நம்மில் பலருக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு மொழியின் சேர்க்கை விதிகள்தான் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் ஐ, என், ஜி மூன்றும் கையில் இருந்தால் அவற்றைத் தனியாக வலப்பக்கம் ஒதுக்கிவிட்டு மிச்ச நான்கை மட்டும் பார்ப்பார்கள். எச் இருந்தால் அதன் பக்கத்தில் சி, எஸ், டீ, டபிள்யூ இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று கண் தானாகத் தேடும்.

தமிழில் இந்த விதிகள் இன்னும் கறாரானவை. எழுத்து விளையாட்டு ஆடுகிறவருக்குத் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் கிட்டத்தட்ட உதவிக் குறிப்பேடு என்றே சொல்லலாம். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளும் சொல்லுக்கு முதலில் வராதவை. கடன் சொற்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இன்றும் இது பெரும்பாலும் செல்லும். முடிவை எடுத்துக்கொண்டால் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்கள் எதிலும் தமிழ்ச் சொல் முடியாது. முடிப்பவை என்று பார்த்தால் இன்று புழக்கத்தில் எட்டு மெய்கள்தான்: மண், மரம், மான், நாய், ஊர், கல், தமிழ், முள்.

நடுவில் இன்னும் வசதி. க், ச், த், ப் நான்கும் தன் வரிசை எழுத்தைத் தவிர வேறு எதையும் பின்னால் விடாது. கையில் த் வந்தால் கூடவே த, தா, தி என்று ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சுற்றில் அது பயன்படாது. ங் வந்தால் க வரிசை, ஞ் வந்தால் பெரும்பாலும் ச வரிசை, ந் வந்தால் பெரும்பாலும் த வரிசை. ஆக இரண்டு டைல்களை ஒட்டி ஒன்றாக்கிவிடலாம். ட, ம், ட், ப என்று நான்கு கிடைத்தால் பாருங்கள்: ட் பின்னால் பெரும்பாலும் ட, ஆகவே ட்ட என்பது ஒரே கட்டு. ட முதலில் வராது. புள்ளி வைத்த எழுத்தும் முதலில் வராது. முதலிடத்துக்கு மிஞ்சியது ப மட்டுமே, ப அங்கே போய்விட்டால் ம் கடைசியில்தான். யோசிக்காமலேயே பட்டம்!

விதி தெரிந்தும் சில நேரம் சொல் கண்ணில் படாது. அதற்குக் காரணம் நாம் எழுத்துகளைப் பார்ப்பதில்லை, வாசித்துவிடுகிறோம். கையில் உள்ள வரிசை தற்செயலாக நரகம் என்று அமைந்துவிட்டால் நகரத்தைக் காண்பது கஷ்டம். ஏற்கெனவே ஒரு சொல்லாகப் படித்துவிட்ட மனசு அதைக் கலைக்க மறுக்கும். செயலிகளில் இருக்கும் கலைக்கும் பொத்தானின் வேலையே இந்தப் பிடியை உடைப்பதுதான். அதை அழுத்துவதால் புதிதாக எந்தத் தகவலும் வருவதில்லை. ஆனால் அழுத்தினால் பலன் இருக்கிறது.

பெரிய சொல் கிடைக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் சின்னச் சொற்களை எடுப்பது அடுத்த வழி. கவிதை என்ற மூன்று எழுத்துக்குள் கவி, கதை, விதை, தை எல்லாம் இருக்கின்றன. நகரத்துக்குள் நகம், கரம், ரகம். புதிதாக ஆடுகிறவர்கள் நீளமான சொல்லையே தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பழகியவர்கள் முதலில் இவற்றைக் குறித்துக்கொண்டு அதிலிருந்து நீட்டப் பார்ப்பார்கள்.

கணினியும் நீட்டித்தான் பார்க்கிறது. 1988இல் ஆண்ட்ரூ ஆப்பெல், கை ஜேக்கப்சன் என்ற இருவர் ஸ்கிராபிள் ஆடும் நிரலுக்கு ஒரு முறையை வெளியிட்டார்கள். அகராதியை நீண்ட பட்டியலாக வைக்காமல் கிளைகளாக வைப்பது. ந என்ற முனையிலிருந்து க. அங்கிருந்து ஒரு கிளை ம் என்று நகமாகவும், ஒன்று ல் என்று நகலாகவும், ஒன்று ர, ம் என்று நகரமாகவும் போகும். கையில் உள்ள எழுத்துகளோடு இந்தக் கிளைகளில் நடந்து போனால், ரந என்று தொடங்கிய உடனேயே மேலே வழி இல்லை என்று தெரிந்துவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை வரிசைகளும் தொடாமலே கழிந்துவிடும். முடிவுகளையும் பகிர்ந்துகொள்ளலாம்: நகரம், சிகரம், மகரம் மூன்றுக்கும் கரம் என்ற வால் ஒன்றே, அதை மூன்று முறை சேமிக்க வேண்டியதில்லை. 1994இல் ஸ்டீவன் கோர்டன் இதை மாற்றி, சொல்லின் நடு எழுத்திலிருந்தும் இரு பக்கமும் நடக்கக்கூடிய வடிவம் ஒன்றைத் தந்தார். நினைவகம் ஏறக்குறைய ஐந்து மடங்கு தேவைப்பட்டது, வேகம் ஏறக்குறைய இரு மடங்கானது. பலகையில் கிடக்கும் எழுத்தைச் சுற்றித்தான் எப்போதும் சொல் அமைக்க வேண்டும் என்பதால் நடுவிலிருந்து தொடங்குவது அங்கே இயல்பான வழி.

சொல் வேறு, செல்லும் சொல் வேறு

சொல் கிடைத்துவிட்டது. அதை வைக்கலாமா? இந்தக் கேள்விக்கு அகராதி பதில் சொல்வதில்லை, அந்த விளையாட்டு ஏற்றுக்கொண்ட பட்டியல்தான் சொல்கிறது. ஆங்கில ஸ்கிராபிளிலேயே இரண்டு பட்டியல்கள் உண்டு. அமெரிக்காவும் கனடாவும் ஒன்று, மற்ற பெரும்பாலான நாடுகள் காலின்ஸ் பட்டியல். 2019இல் வந்த காலின்ஸ் பட்டியலில் 2,79,496 சொற்கள், அவற்றில் இரண்டெழுத்துச் சொற்கள் 127. அமெரிக்கப் பட்டியல் அதைவிடச் சிறியது. 2018 பதிப்பில் இரண்டெழுத்துச் சொற்கள் 107. ஓகே என்ற சொல்லே அந்தப் பதிப்பில்தான் உள்ளே வந்தது. இணையத்தில் எழுத்துகளைக் கொடுத்துச் சொல் கேட்கும் கருவிகள் சிலவற்றில் எந்தப் பட்டியல் என்று தேர்வு செய்யும் இடம் இருப்பதற்கு இதுதான் காரணம். அதைக் கவனிக்காமல் எடுத்த சொல்லை எதிராளி ஆட்சேபித்தால் வைத்ததைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

அடுத்த தடை பலகை. புதுச் சொல் ஏற்கெனவே உள்ளவற்றை எங்கெல்லாம் தொடுகிறதோ அங்கெல்லாம் குறுக்காக உருவாகும் ஒவ்வொரு சொல்லும் செல்ல வேண்டும். இரண்டெழுத்துச் சொற்களுக்கு ஆட்டத்தில் இவ்வளவு மரியாதை அதனால்தான். ஒரு சொல்லை மற்றொன்றோடு ஒட்டிப் பக்கத்திலேயே வைத்தால் குறுக்கே வருபவை எல்லாம் இரண்டெழுத்துச் சொற்கள். க்யூ கையில் வந்து யூ வராவிட்டால் முன்பெல்லாம் தலையில் கை வைத்தார்கள். க்யூ, ஐ என்ற இரண்டே எழுத்துச் சொல் பட்டியல்களில் சேர்ந்த பிறகு அந்தக் கவலை பாதி போய்விட்டது.

இதோடு முடியவில்லை. 24 புள்ளி தரும் சொல்லை வைத்துவிட்டுக் கையில் மூன்று ஐ மிஞ்சினால் அடுத்த சுற்று பாழ். 20 புள்ளிச் சொல்லை வைத்து நல்ல எழுத்துகளை மிச்சப்படுத்துவது பல நேரம் மேல். 100 டைலில் எஸ் நான்குதான், வெற்று டைல் இரண்டுதான். அவற்றைச் சில்லறைப் புள்ளிக்காகச் செலவழிக்க அனுபவஸ்தர்களுக்கு மனசு வராது. எழுத்துகளைக் கொடுத்தால் சொற்களைக் கொட்டும் சாதாரணக் கருவிகள் இந்த இடத்தில் உதவாது, அவற்றுக்குப் பலகையும் தெரியாது, அடுத்த சுற்றும் தெரியாது. இன்னொருவரோடு ஆடும்போது அவற்றைத் திறப்பது ஏமாற்று. ஆட்டம் முடிந்த பின் நான் எதையெல்லாம் தவறவிட்டேன் என்று பார்ப்பதற்கு அவற்றைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

தமிழில் டைல் என்றால் எது?

இதுவரை ஒரு கேள்வியைக் கேட்காமலே நகர்ந்துவிட்டோம். நகரம் நான்கு எழுத்து என்று எடுத்துக்கொண்டது உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணும் வழக்கப்படி. விகடகவி இரு பக்கமும் ஒன்றாக வாசிக்கப்படுவதும் அந்த எண்ணிக்கையில்தான். வியை வ், இ என்று பிரித்துவிட்டால் தலைகீழாக வாசிக்க முடியாது. ஆனால் பெட்டிக்குள் போடும் டைலாக யோசித்தால் சிக்கல். தமிழில் எழுத்துகள் 247. நூறு டைலில் ஆளுக்கு ஒன்று வைக்கக்கூட இடம் போதாது. ஙௌ, ஞூ போன்றவற்றுக்கெல்லாம் டைல் செய்து வைத்தால் யாருக்கும் பயனில்லை.

மாற்று வழி, உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று 31 வகை டைல்களோடு நிறுத்திக்கொண்டு, ப், அ இரண்டையும் சேர்த்து ப என்று ஆட்டக்காரரே வைத்துக்கொள்வது. இது வெறும் அச்சுச் செலவுப் பிரச்சினை இல்லை, விளையாட்டின் குணமே மாறிவிடுகிறது. பலகை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். உயிர்மெய் டைலில் ப, ல, கை என்று மூன்று, ஆறு வரிசை. உள்ளே கிடைப்பவை பல, பகை, கை என்று கொஞ்சம்தான். அதையே பிரித்தால் ப், அ, ல், அ, க், ஐ என்று ஆறு டைல். அ இரண்டு முறை வருவதால் வரிசைகள் 360. இப்போது கல், பல், பை, அலை, கலை, பகல், அகல் எல்லாம் வெளியே வருகின்றன. கூடவே முழு ஆறு டைலும் சேர்ந்து பகலை என்ற இன்னொன்றும் வருகிறது. என் ஓட்டு இந்தப் பிரித்த டைலுக்குத்தான். ஆட்டம் கடினமாகிறது, ஆனால் தமிழின் சேர்க்கை நுட்பம் அப்போதுதான் கைக்கு வருகிறது. அ டைல்கள் மட்டும் ஏராளமாகத் தேவைப்படும். அதை எத்தனை என்று முடிவு செய்ய யாராவது பட்ஸ் போல உட்கார்ந்து எண்ண வேண்டும்.

தமிழுக்கு எழுத்து கலைக்கும் நிரல் எழுதுகிறவர்கள் இதே கேள்வியில் வேறு பக்கமிருந்து வந்து முட்டிக்கொள்கிறார்கள். கணினியில் எழுத்துகளைப் பதியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் மரம் என்பது மூன்று எழுத்தல்ல, நான்கு குறியீடு: ம, ர, ம, அப்புறம் தனியாக ஒரு புள்ளி. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே தமிழுக்கு ஓடவிட்டால் புள்ளி ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் என்று பிய்த்துப் போட்டுவிடும். கொம்பில் தொடங்கும் சொல்லெல்லாம் திரையில் வரும். கொ போன்றவற்றில் இன்னொரு தொல்லை. ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் அது பதிவாகலாம், இரண்டு தனித்தனிக் குறிகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஆகவே அகரவரிசைப்படுத்தும் முன்னால் எழுத்துகளை ஒழுங்காக வெட்டி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். வேலை சின்னதுதான், ஆனால் இதை விட்டுவிட்டால் மேலே சொன்ன 120 தேடல் தந்திரம் தப்பான இடத்தைப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பட்டியல்தான் கடைசிச் சிக்கல், பெரிய சிக்கலும் அதுவே. மேலே வந்த பகலை செல்லுமா? பகல் என்ற பெயரோடு ஐ உருபு சேர்ந்தது அது. பேச்சில் குறையொன்றுமில்லை, அகராதியில் தனிச்சொல்லாக இருக்காது. ஆங்கிலப் பட்டியலில் பன்மைகளையும் இறந்தகால வடிவங்களையும் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டரை லட்சத்துச் சொச்சத்தில் கதை முடிந்துவிட்டது. தமிழில் மரம் மரத்தை, மரத்தில், மரத்திலிருந்து, மரங்களுக்கும், மரங்களுக்குள்ளேயே என்று போய்க்கொண்டே இருக்கும். வினைச்சொல்லுக்கு வந்தால் ஒரே வினைக்கே நூற்றுக்கணக்கில். எல்லாவற்றையும் எழுதி வைப்பது நடக்கிற காரியமல்ல. தலைச்சொல் (அகராதியில் தனிச்சொல்லாக இருப்பது) மட்டும் செல்லும் என்று விதி வைத்தால் பட்டியல் சிறியதாகும், ஆனால் வினைகள் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும்: வா செல்லும், வந்தான் செல்லாது. உருபுகளையும் ஏற்பதென்றால் பட்டியல் போதாது, சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் பார்க்கும் இலக்கண நிரல் வேண்டும். இரண்டுக்கும் நடுவே, பெயர்ச்சொல்லின் பன்மையும் வினைமுற்றும் செல்லும், வேற்றுமை உருபு செல்லாது என்று கோடு போடலாம். அப்படிக் கோடு போட்டால் பலகை நிற்கும், பகலை விழும். மரங்கள் செல்லும், மரத்தை செல்லாது. ஆறு டைல் பலகைக்குப் போகும் முன்னாலேயே இதை முடிவு செய்து எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். சொற்களைத் தேடித் தரும் கருவியும் அதே கோட்டை வைத்துத்தான் தேட வேண்டும். இல்லாவிட்டால் அது தரும் சொற்களில் பாதியை வைக்கவே முடியாது.